நூற்றுத் தொண்ணூறு பவுண்டு

ஃபிரெடெரிக், ஓக்லஹோமா
2000 மே 28

அன்பு மகள் கொரீனுக்கு,

அம்மா எழுதுவது. இந்த வருஷ அறுவடைப் பயணத்தின் முதல் ஊருக்கு நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வயலோரம் நமக்குப் போன் ஏது, எழுதித்தான் கேட்கவேண்டும். உன் சளி விட்டதா? புது அலுவலகத்தில் மதியம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது யாராவது வந்து கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாயா? உன்னைத் தெரிந்துதான் கேட்கிறேன்.

இங்கே கோதுமை இன்னும் நான்கு நாள் காயவேண்டும். அறுவடை இயந்திரங்கள் இரண்டும் சும்மா நிற்கின்றன. ஆகவே ஒரு வேலை தருகிறேன். பழைய பிக்கப் வண்டியின் கியர்பெட்டி போய்விட்டது அல்லவா? அதற்குப் பதிலாக அப்பா வாங்கியிருக்கும் வண்டிக்கு நான்கு கதவு. உள்ளே சோபா மாதிரி இருக்கிறது. ஆனால் பின்தொட்டி பழையதைவிட ஒன்றரை அடி குட்டை. நம் டிரெய்லர் வீட்டின் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் ஹிட்ச் தொட்டியின் நடுவில்தானே உட்காரும். தொட்டி குட்டையானதால் மூக்கு என் முதுகுக்கே வந்துவிட்டது. வளைவில் திரும்பினால் டிரெய்லரின் மூலை என் பின்கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறது. வயல் வாசல்கள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். "அகலமா திருப்பு, ஆர்லிஸ். ஓக்லஹோமால இடத்துக்கா பஞ்சம்?" என்றார். "இடம் இருக்கு. நடுவுல பள்ளமும் இருக்கு, அதுக்குள்ள நீ வந்து படுத்துக்கறியா?" என்று கேட்டேன். நம் இயந்திரம் ஓட்டும் டெல்மர் சிரித்ததில் காபி அவர் மூக்கில் ஏறிவிட்டது.

நகர்ந்து கொடுக்கிற ஹிட்ச் என்று ஒன்று வருகிறதாம். மூன்று கடைகளின் விலைப்பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். நம் வீட்டில் படித்தவள் நீ. எது நமக்கு ஆகும் என்று பார்த்து எழுது. ஜூன் பத்துக்குமேல் கேன்சஸ் கயோவா தபால் நிலையத்தில் வைத்திருந்து கொடுக்கச் சொல்லி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா

*

சலைனா, கேன்சஸ்
ஜூன் 7

அன்புள்ள அம்மா,

சளி விட்டது. சாப்பிடுகிறேன். அப்பாவுக்கும் டெல்மருக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

மூன்று பட்டியலையும் நான்கு முறை படித்தேன். நம் டிரெய்லர் எட்டடி அகலம், நடுவிலிருந்து மூலைக்கு நான்கடி. புது வண்டியில் ஹிட்ச்சிலிருந்து பின்கண்ணாடிக்கு மூன்றடிக்கும் குறைவு. அகலமாகத் திருப்பித் தப்பிக்கலாம்தான். ஆனால் ஒரே ஒரு முறை முடியாமல் போனால் போதும். நகரும் ஹிட்ச் கட்டாயம் வேண்டும்.

அதில் இரண்டு வகை. ஒன்று கையால் இயக்குவது: வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஒருவர் இறங்கி லீவரை இழுக்கவேண்டும். நீங்கள் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினால் ஹிட்ச் ஒன்றரை அடி பின்னால் சறுக்கிப் பூட்டிக்கொள்ளும். மற்றது, வண்டி திரும்பும்போது தானாகவே நகர்வது. யாரும் இறங்கவேண்டாம். ஆனால் விலை இரண்டு மடங்கு, எடையும் அதிகம்.

வண்டி சுமக்கக்கூடியது 2,400 பவுண்டு. டிரெய்லரின் மூக்கு அழுத்துவது 1,750. நீங்கள் 150. கருவிப்பெட்டியும் சமையல் சாமானும் 150. கையால் இயக்கும் ஹிட்ச் 130, மற்றது 250. இரண்டுமே தாங்கும். அப்பா எப்படியும் லாரியை முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்து உங்களுக்குக் கை காட்டுகிறவர்தானே. லீவரையும் அவரே இழுத்துவிடலாம். ஆகவே கையால் இயக்குவதே போதும் என்று நினைக்கிறேன்.

சரியா என்று அப்பாவையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கொரீன்

*

கயோவா, கேன்சஸ்
ஜூன் 20

அன்பு மகளுக்கு,

எல்லாரும் நலம், வெயில்தான் கொல்கிறது. நீ சொன்ன ஹிட்ச்சை விச்சிட்டாவில் வாங்கி மாட்டியாகிவிட்டது. உன் கடிதத்தை அப்பா கடைக்காரனிடம் நீட்டி, "என் பொண்ணு எழுதினது. நீ இதுல ஒரு தப்பு காட்டு, அந்த விலை உசந்ததையே வாங்கிக்கறேன்" என்றார். அவன் வாசித்துவிட்டு, "இவங்க எங்க கடைக்கு வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டான். அப்பா அதை இதுவரை ஆறு பேரிடம் சொல்லிவிட்டார்.

லீவர் நன்றாக வேலை செய்கிறது. வளைவுக்கு முன்னால் அப்பா லாரியிலிருந்து இறங்கி, ஏதோ மாதா கோவில் ஊர்வலம் மாதிரி மெதுவாக நடந்து வருகிறார். இழுக்கிறார். கையை உயர்த்துகிறார். நான் நகர்த்துகிறேன். சடக் என்று ஒரு சத்தம். "ராணியம்மா இனி திரும்பலாம்" என்கிறார். நேற்று, "யோவ் டுவேன், கொஞ்சம் வேகமா நட, கோதுமை முளைச்சுடப் போகுது" என்றேன். வேண்டுமென்றே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

நல்ல விளைச்சல். கோதுமையின் ஈரப்பதம் பன்னிரண்டு சதவீதம் என்கிறார்கள். சோதனைக்கு இங்கிருந்து வரும் கோதுமை மாதிரிகள் உன் மேஜைக்குத்தான் வருமா? வந்தால் நம் இயந்திரம் வெட்டியது என்று நினைத்துக்கொள்.

அடுத்து நெப்ராஸ்கா சிட்னி.
அம்மா

*

சலைனா
ஜூன் 29

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைப் பெண் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

ஒரு நாளைக்கு முந்நூறு மாதிரி வருகிறது. கை முழுக்கத் தவிட்டு வாசனை. ஆறு மாதம் முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவார்கள், அதுவரை விடுப்பு கிடையாது. மேலாளர் திரு. பென்னர் நல்லவர் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் அவரிடம் பேசவில்லை.

எல்லாரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிட்னி போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

கொரீன்

*

சிட்னி, நெப்ராஸ்கா
ஜூலை 12

அன்பு மகளுக்கு,

நலம். எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். அந்தத் தானாக நகரும் ஹிட்ச் இப்போது என்ன விலை என்று பார். அதோடு, டிரெய்லரை மாட்டும்போது பின்னால் நின்று கை காட்ட ஆள் இல்லாமல், ஓட்டுகிறவர் மட்டுமே மாட்ட ஏதாவது வழி இருக்கிறதா என்றும் பார். கணக்கைத் திரும்பப் போடு. வண்டிக்குள் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள், நூற்றுத் தொண்ணூறு பவுண்டு.

பின்கண்ணாடியை இங்கே மாற்றிவிட்டோம். இந்த ஊரில் நல்ல கடை இருக்கிறது. அப்பா நலம், நன்றாகச் சாப்பிடுகிறார். நீ எதையும் யோசித்துக் குழப்பிக்கொள்ளாதே. உன் வேலையைப் பார்.

ஜூலை இருபதுக்குமேல் தெற்கு டகோட்டா ஒனிடா.
அம்மா

*

சலைனா
ஜூலை 17

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் இன்று வந்தது. இன்றே எழுதுகிறேன்.

பின்கண்ணாடி ஏன் மாற்றவேண்டி வந்தது? உடைந்ததா? டிரெய்லர் இடித்ததா? இடித்திருந்தால் அது நான் சொன்ன ஹிட்ச். இரண்டும் தாங்கும் என்று எழுதிவிட்டு, விலை குறைவு என்பதற்காக ஒன்றைச் சொன்னேன். உங்கள் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அது. யாருக்கும் அடிபடவில்லை என்று நீங்கள் எழுதவில்லை.

கேட்ட கணக்கு இதோ. இன்னொரு 190 பவுண்டு ஏறினால், இப்போதுள்ள ஹிட்ச்சோடு முப்பது பவுண்டு மிச்சம். தானாக நகர்வதை வைத்தால் தொண்ணூறு பவுண்டு அதிகமாகிவிடும். கருவிப்பெட்டியை இறக்கினால்தான் அதைப் பற்றி யோசிக்க முடியும்.

அம்மா, அந்த ஆள் யார்? டெல்மர் இருநூற்றைம்பதுக்குக் குறையமாட்டார். அவர் மைத்துனர் ஒல்லி. நம் குழுவில் நூற்றுத் தொண்ணூறு பவுண்டு அப்பா மட்டும்தான். அப்பா உங்கள் வண்டியில் வந்தால் அவருடைய லாரியை யார் ஓட்டுகிறார்கள்? கை காட்ட ஏன் ஆள் இல்லை?

தப்பாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். அப்பாவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்ல முடியுமா?

கொரீன்

*

ஒனிடா, தெற்கு டகோட்டா
ஜூலை 23

கொரீன்,

அப்பா. நான் கடிதம் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய். உன் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால், டிரெய்லர் மேஜை ஆடுகிறது.

நீ எழுதியதைப் படித்தேன். கண்ணாடி உடைந்ததற்கும் உன் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. கணக்கு சரி.

அந்த விலை உயர்ந்த ஹிட்ச்சை வாங்கவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேண்டாம் என்று அவளுக்கு எழுது. எடை கூடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதையே மறுபடி எழுது. நீ சொன்னால் கேட்பாள்.

இருபத்திரண்டு வருஷம் அவள் ஓட்டினாள், நான் இறங்கினேன். தானாக நகரும் ஒன்று வந்துவிட்டால் நான் எதற்கு இறங்குவது? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிற மூட்டையா நான்? லீவர் என் வேலை.

நான் எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாம். நன்றாக இரு.

அப்பா

*

சலைனா
ஆகஸ்ட் 8

அன்புள்ள அம்மா,

ஜூலை 28 அன்று ஒனிடாவுக்கு எழுதினேன். நீங்கள் அதற்குள் கிளம்பிவிட்டீர்கள், கடிதம் நேற்று என்னிடமே திரும்பி வந்தது. பத்து நாள் உங்கள் பதிலுக்காக நான் காத்திருந்தேன், நீங்களோ நான் கேட்டதையே பார்க்கவில்லை. மான்டானாவில் எப்போதும் செஸ்டரில்தானே தங்குவீர்கள் என்று இதை அங்கே அனுப்புகிறேன்.

எல்லாரும் சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சுகம் என்று எழுதுவீர்கள்.

அப்பா எனக்கு எழுதினார். சொல்லவேண்டாம் என்றார், சொல்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மேஜை ஆடுவது காரணம் என்றார். மேஜை ஆடினால் எல்லாப் பக்கமும் ஆடும். அந்த எழுத்துகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, ஒவ்வொரு வரியையும் அழுக்கான விரல் ஒன்று அழித்துக்கொண்டே போயிருந்தது. இடது கையால் எழுதினால்தான் எழுதியதன் மேலேயே கை உரசிக்கொண்டு போகும். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்படித்தான் எழுதுவாள். அப்பாவின் வலது கைக்கு என்ன?

அந்த ஹிட்ச்சை வாங்கச் சொல்லியோ வேண்டாம் என்றோ நான் எழுதமாட்டேன். வண்டியில் யார், எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல் ஒருமுறை சொல்லியாகிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தயவுசெய்து எழுதுங்கள்.

கொரீன்

*

செஸ்டர், மான்டானா
ஆகஸ்ட் 14

என் செல்ல மகளுக்கு,

நீ கேட்ட மாதிரியே எழுதுகிறேன். படித்துவிட்டுப் பதறாதே.

ஜூலை ஐந்தாம் தேதி, சிட்னியில் ஒரு வயல் வாசல். அப்பா இறங்கி வந்தார், தொட்டிக்குள் கையை விட்டார், பிறகு கையை உயர்த்தினார். நான் நகர்த்தினேன். அன்று காற்று பலம், சத்தம் கேட்கவில்லை. சரளைக்கல்லில் டிரெய்லர் சக்கரம் வழுக்கியதை ஹிட்ச் சறுக்கியது என்று எடுத்துக்கொண்டேன். திருப்பினேன். கண்ணாடி என் தலைமுடிக்குள் கொட்டியது. கீறல்தான், வேறொன்றும் இல்லை.

இறங்கிப் பார்த்தால் லீவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "ஏன் இழுக்கல?" என்றேன். "இழுத்தேனே" என்றார். பொய் சொல்லவில்லை, கொரீன். இழுத்ததாகத்தான் அவர் கை அவரிடம் சொல்லியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்ததே இல்லை, அவர் கையை மட்டும்தான் பார்ப்பேன். எங்கள் இரண்டு பேரின் கெட்ட பழக்கமும் அன்று ஒன்றாக வந்து நின்றது.

மறுநாள் அவர் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பக்கவாதம், சின்னது என்றார். வலது கை, கொஞ்சம் நாக்கு. ஓய்வெடுக்கச் சொன்னார். மான்டானா முடியட்டும் என்றார் அப்பா. விவசாயிகளுக்குத் தெரியவேண்டாம் என்பது அவர் கட்டளை. அறுவடைக் குழுவின் தலைவருக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு காபிக் கடையில் பேச்சு எழுந்தால், அடுத்த வருஷம் அந்த ஏக்கர் வேறு குழுவுக்குப் போய்விடும். அதனால் தினம் காலை கடைக்குப் போய் இடது கையால் கோப்பையைப் பிடிக்கிறார். ஸ்பேனர் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாம். லாரியை டெல்மரின் மைத்துனர் ஓட்டுகிறார்.

உன்னிடம் மறைக்கச் சொன்னது அவர் இல்லை. நான்தான். ஆறு மாதம் முடியாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று பயந்தேன்.

இனி நேற்று நடந்தது. வயல் மாற்றவேண்டி டிரெய்லரை நான் தனியாக மாட்டினேன். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். ஹிட்ச்சின் தாடை மூடிக்கொண்டது. டிரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களைத் தூக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து அவர், "வண்டியால இழுத்துப் பாரு, ஆர்லிஸ்! தூக்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பாரு!" என்று கத்தினார். நாக்கு தடுமாறினாலும் எனக்கு நன்றாகப் புரிந்தது. "உன் பேச்சைக் கேட்டுத்தான் கண்ணாடி போச்சு" என்று சொல்லிவிட்டு, கால்களை முழுவதும் தூக்கிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மூக்கிலுள்ள இரும்பு முளை தாடைக்குள் இறங்காமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நாலடி நகர்ந்ததும் டிரெய்லர் முழுவதும் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. உள்ளே அலமாரி திறந்து பீச் ஜாடிகள் பன்னிரண்டும் தரையில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெடுஞ்சாலையில் ஆகியிருந்தால் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பாகச் சொன்ன அன்று நம்பினேன், சரியாகச் சொன்ன அன்று கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடி ஜாடித் துண்டுகளைப் பொறுக்கினோம். பிறகு நான் சொன்னேன்: "புது ஹிட்ச் வேணாம். லீவர் உன்னோடதுதான், இடது கையால இழு. ஆனா நீ கை காட்டினதும் நானும் இறங்கி வந்து பாப்பேன், ஒவ்வொரு தடவையும்." அவருக்குக் கோபம். "நீ வந்து பாக்கறதுக்கு நான் எதுக்கு?" என்றார். "நேத்து நான் மாட்டறப்ப நீ கத்தினியே, அப்ப நான் எதுக்கு?" என்றேன். காலையில் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகினோம். கருவிப்பெட்டியை டெல்மர் லாரிக்கு மாற்றிவிட்டேன், பிக்கப் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

இருபத்தாறாம் தேதி வெட்டு முடியும். மறுநாள் வீட்டைப் பார்க்கக் கிளம்புகிறோம். டெல்மரும் மைத்துனரும் இயந்திரங்களோடு இன்னொரு வயலுக்குப் போகிறார்கள். ஆகவே வழியில் நாங்கள் இரண்டு பேர்தான். மலைச்சரிவில் அவருக்கு மறுபடி வந்தால் நான் பிரேக்கைப் பார்ப்பேனா, அவரைப் பார்ப்பேனா என்ற ஒன்றுதான். மற்றபடி எனக்குப் பயம் இல்லை.

நீ வராதே. வேலை போய்விடும். உன் அப்பா ஆறு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறார். நிஜமாகத்தான் சொல்கிறேன், வராதே.

அம்மா

*

சலைனா
ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய திரு. பென்னர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொரீன் ருஷ்கா, ஈரப்பதப் பிரிவில் ஜன்னலோர மேஜை. நீங்கள் என்னைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. நேரில் வந்து கேட்க இரண்டு முறை உங்கள் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு விடுப்பு வேண்டும். ஆறு மாதம் முடியாதவர்களுக்கு விடுப்பு இல்லை என்பது தெரியும். என் குடும்பத்தில் விடுப்பு கேட்டு எழுதும் வேலையில் யாரும் இருந்ததில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் முறை தவறி ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் ஒரே வரிதான் வருகிறது. என் அம்மா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் டிரெய்லர் வீட்டைத் தனியாக இழுத்துக்கொண்டு மான்டானாவிலிருந்து வரப்போகிறார். பயம் இல்லை என்று எழுதியிருக்கிறார். என்னை வரவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. ஆனால் அவர் சாலையைப் பார்க்கும்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியும்.

வேலையை வேறு யாருக்காவது கொடுக்கவேண்டி வந்தால் எனக்குப் புரியும். என் மேஜையில் இன்றைய மாதிரிகள் எல்லாவற்றையும் முடித்துப் பெயர் ஒட்டி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன்.

திரும்பும் தேதியை எழுதவேண்டும் என்று பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள். அவளிடம் நானாகவே போய்க் கேட்டேன். தேதி எனக்குத் தெரியவில்லை, ஐயா. இருபத்தேழாம் தேதி புறப்படுகிறோம். வீட்டுக்கு ஆயிரத்து நூற்றைம்பது மைல். அம்மா ஐம்பதைத் தாண்டி ஓட்டமாட்டார், ஒவ்வொரு வளைவிலும் எல்லாரும் இறங்கிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
கொரீன் ருஷ்கா